கம் போத்தல்

அளவு நாடாவுக்கு இரண்டு முகம்.
லாண்ட்ஷ்டூல் ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடையில்
ஜெர்மன்காரருக்குச் சென்டிமீட்டர்ப் பக்கம்.
திருப்பினால் அமெரிக்கா:
அங்குலம், அரை, கால், அரைக்கால்.
பேசாலையில் நான் தையல் பழகினதும் அங்குலத்தில்தான்.
அதனால் அவர்களுடைய இடுப்பு
எனக்குச் சட்டென்று விளங்கும்.

மற்றதெல்லாம் பொக்கற்றுகளில் இருந்து விளங்கிக்கொண்டது.
சீருடை அழுத்த முன்னம் பொக்கற்றைப் பார்க்க வேணும்,
கடைச் சட்டம்.
சூயிங்கம், காதடைக்கும் பஞ்சு,
ஒரு பிள்ளை வரைந்த ஆறு கால் நாய்,
ஒற்றை டொலர்.
கடவுளை நம்புகிறோம் என்று
அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது.
நாங்கள் காசைக் கொண்டுபோய்க் கடவுளிடம் போடுவோம்,
இவர்கள் கடவுளைக் காசில் போட்டிருக்கிறார்கள்.
எது நல்ல முதலீடென்று
வட்டி கண்டவர்கள் சொல்லட்டும்.

சார்ஜன்ட் ப்ரூயிட் வரும்போதெல்லாம் கேட்பான்
'யேசுவைத் தெரியுமா?'
என் பெயரைக் கேட்டதில்லை.
பிளேசியா குரூஸ்.
போர்த்துக்கேயன் வந்திறங்கிய நாளிலிருந்து
எங்கள் குடும்பப் பெயரே சிலுவைதான்.
துண்டுப்பிரசுரத்தை வாங்கி
ஊசிப் பெட்டிக்குக் கீழே விரித்தேன்.
நல்ல தடித்த தாள்.

அவன் மனைவி கெய்லி
மணிக்கட்டில் ஓம் பச்சை குத்தியவள்.
கதவைத் திறக்கும்போதே கை குவிப்பாள்,
நான் குவிக்காவிட்டால் முகம் வாடும்
என்று நானும் குவிப்பேன்.
முதுகு வலிக்கிறதென்றேன் ஒருநாள்.
ஏதோ சக்கரம் அடைத்திருக்கிறதென்றாள்.
இந்த மெஷினின் சக்கரம்தான் என்றேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

அக்டோபர் முழுக்க மழை.
ப்ரூயிட் ஓர் உறையோடு வந்தான்,
ஓக்லஹோமாவுக்குப் போகவேண்டிய ஓட்டு.
ஈரத்தில் உறையின் நாக்கு ஒட்டவில்லை.
கம் போத்தலை நீட்டினேன்.
'இந்த முறை நாடு பிழைக்கும்' என்றான்.
யாரால் என்று கேட்கவில்லை,
அவன் தொப்பி வாசலிலேயே சொல்லிவிட்டது.
'எங்கள் வீட்டில் ஒரே மனம்' என்றும் சொன்னான்,
விரலில் பிசுபிசுப்பைத் துடைத்தபடி.

இரண்டு நாள் கழித்துக் கெய்லி.
சுருட்டிய யோகாப் பாய்க்குள் இருந்து
இன்னோர் உறை.
'டிவெயினுக்குச் சொல்லாதே.'

போத்தலைக் கவிழ்த்துத் தட்டினேன்,
அடியில் காய்ந்த ஒரு துளி. பிடிக்கவில்லை.
'நீ ஆன்மீக நாட்டுக்காரி,
ஏதாவது நல்ல சக்தி கொடு' என்றாள்.
பொருத்தும் துணியில் ஒரு கீற்று வெட்டி
நாக்குக்கு அடியில் வைத்து
மேலே ஈரத்துணி போட்டு
இஸ்திரிப் பெட்டியை இறக்கினேன்.
நீராவி எழும்பியது.
அவள் கண்ணை மூடி நின்றாள்.
என் நாட்டு ஆன்மீகம்
நடுச்சூட்டில், பன்னிரண்டு செக்கன்.

அப்போது ராம்ஷ்டைன் பக்கம்
பெரிய விமானம் ஒன்று தாழ்ந்து போனது.
கடைக் கண்ணாடி அதிர்ந்தது.
என் கை தானாக நின்றது,
கண் மேசைக்கு அடியைப் பார்த்தது.
அவள் அண்ணாந்தும் பார்க்கவில்லை.
அது அவளுக்கு
யாரோ வேலையால் வீடு திரும்பும் சத்தம்.

முப்பத்தொரு வருசம் இந்த நாட்டில்.
விட்டு வந்த நாட்டில் என் பெயர் பட்டியலில் இல்லை,
இங்கே குடியுரிமைப் படிவம்
பித்தான் லாச்சியில் பாதி நிரப்பியபடி கிடக்கிறது.
நான் ஒட்டின ஓட்டுகள்
இவை இரண்டும்தான்.
'இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும் அம்மா,
மிச்சம் பூச்சியம்' என்றான் மகன்,
சோற்றில் இருந்து கண்ணெடுக்காமல்.
அவனுக்குக் கணக்கு வரும்.
அவள் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
மழையில் தபாற்பெட்டிக்கு ஓடியதை
அவன் பார்க்கவில்லை.

கடை பூட்டமுன் சாமான் துண்டு எழுதினேன்:
பச்சை நூல் நாலு,
கொக்கி ஒரு பெட்டி,
கம் போத்தல் ஒன்று.
விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து
ஒன்றை வெட்டி
இரண்டு என்று எழுதினேன்.